வாலில் இரண்டு வெட்டு

தாமோதரன் துரை பாம்பன் சர்க்கார் பங்களாவில் வந்து இறங்கியபோது அவரோடு மூன்று பெட்டிகள் வந்தன. ஒன்றில் துணிமணி. ஒன்றில் ஆபீஸ் கட்டுகள். அது நான்கு நாளும் கயிறு அவிழாமலே கிடந்தது. மூன்றாவது ஒரு சாண் நீளத் தகரப் பெட்டி. அதை மட்டும் அவர் யார் கையிலும் கொடுக்காமல் ரயிலடியிலிருந்து மடியில் வைத்தபடியே வண்டியில் வந்தார். பங்களா வாட்ச்மேன் சகாயம் உள்ளே மருந்து இருக்கும் என்று நினைத்தான். அன்று மாலை துரை அதைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசை வரிசையாக ஈக்கள் இருந்தன.

எல்லாம் தூண்டில் முள்ளில் இறகும் பட்டுநூலும் வெள்ளிச் சரிகையும் வைத்துக் கட்டிய ஈக்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஒன்று டாக்டர், ஒன்று கசாப்புக்காரர், ஒன்று ஏதோ மகாராணி. துரை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கை நோக்கிப் பிடித்து அறிமுகம் செய்துவைத்தார். இது தண்ணீருக்குள் மூழ்கிப்போகிற ஈ. செத்து விழுந்த பூச்சி போல மிதந்து போகும், மீன் ஏமாந்துவிடும். அது நீள இறகு வைத்த ஸ்ட்ரீமர். பார்க்கச் சின்ன மீன் போல இருக்கும். ஆனால் கொஞ்சம் நாகரிகக் குறைவு, கனவான்கள் ஈயைத்தான் போடுவார்கள். இறாலைக் குத்திப் போட்டுப் பிடிக்கிறவன் மீனின் வயிற்றோடு மோதுகிறான், இறகைக் கட்டிப் பிடிக்கிறவன் அதன் புத்தியோடு மோதுகிறான். இதை ப்ரௌன்லோ துரை சொன்னதாக அவர் சொன்னார்.

வெள்ளைக்காரர்கள் கப்பலேறி ஆறு வருடம் ஆகியிருந்தது. போகும்போது ப்ரௌன்லோ துரை, சுமை குறையட்டும் என்று, தமக்குக் கீழே வேலை பார்த்த தாமோதரனிடம் மூங்கில் தூண்டில் கம்பையும் ஈப்பெட்டியையும் ஒரு தொப்பியையும் விட்டுவிட்டுப் போனார். நாற்காலியைச் சர்க்கார் கொடுத்தது. துரை என்ற பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. அது தொப்பியோடு சேர்ந்து வந்துவிட்டது.

கடலில் இருக்கிற மீன் தன் ஆயுளில் ஒரு ஈயைப் பார்த்திருக்குமா என்று சகாயத்துக்குச் சந்தேகம். ஆனால் கேட்கவில்லை. ஒன்பது வருடமாக எதையும் கேட்காமல் இருந்ததால்தான் அவன் தற்காலிக வாட்ச்மேனாகவாவது இருந்தான்.

அந்தத் தற்காலிகமும் இந்த மாதத்தோடு முடிகிறது. தற்காலிக ஆட்களை ஒன்று நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று மேலே முடிவாகியிருந்தது. ராமநாதபுரத்திலிருந்து ஓவர்சியர் கபீர் உத்தரவைத் தானே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். சகாயம், வாட்ச்மேன், பாம்பன் பங்களா, நிரந்தரம் என்று நாலே வரி. கையெழுத்து மட்டும் பாக்கி. அந்தக் கையெழுத்தைப் போடும் அதிகாரம் தாமோதரன் துரையின் வலது கைக்கு இருந்தது. அந்த வலது கை தூண்டில் கம்பில் இருந்தது.

கபீர் காகிதத்தை நீட்டியபோது துரை வாங்கி, நாலாக மடித்து, ஈப்பெட்டிக்கு அடியில் வைத்தார்.

"முதலில் மீன். அப்புறம் காகிதம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ரயிலில் அவர் திரும்புவதாக ஏற்பாடு. வேலை போனால் பங்களாவின் பின்புறத்து ஒற்றை அறையும் போகும். சகாயமும் மனைவி லீமாரோசும் அந்த அறையில்தான் இருந்தார்கள். கடலுக்கே திரும்பிப் போகலாம் என்றால், ஒரு புயலில் பிசகிய வலது தோள் துடுப்புப் பிடிக்க விடாது. ஆகவே வியாழக்கிழமை காலையிலிருந்து, துரை மீன் பிடிப்பாரா என்ற கேள்வி துரையைவிடச் சகாயத்துக்குத்தான் பெரிய கேள்வியாக இருந்தது.

முதல் நாள் துரை தன் தொப்பியை இரண்டு தரமும், சகாயத்தின் தலைத்துண்டை ஒரு தரமும், வேலியில் காய்ந்த லீமாரோசின் சேலையை ஒரு தரமும் பிடித்தார். இரண்டாம் நாள் ஈ தண்ணீரில் விழக் கற்றுக்கொண்டது. விழுந்த பிறகு அவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். செத்த பூச்சி அவசரப்படாது என்பது அவர் சித்தாந்தம். ஈ அவசரப்படாமல் மிதந்தது. மீன்களும் அவசரப்படவில்லை.

குறை எங்கே என்று சகாயத்துக்கு அரை மணியில் தெரிந்துவிட்டது. இறகு கட்டிப் பிடிப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. பாய் விரித்து வள்ளம் ஓடும்போது வெள்ளைச் சேவலின் இறகை முள்ளில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். பாரை, சீலா போன்ற பெரிய மீன்கள் பாய்ந்து வந்து கடிக்கும். இறகு ருசிக்கிறது என்பதற்காக அல்ல, அது தப்பி ஓடுகிறது என்பதற்காக. ஓடாத எதையும் பாரை திரும்பிக்கூடப் பார்க்காது. துரை செய்யவேண்டியதெல்லாம் கயிற்றை வெடுக்கு வெடுக்கென்று வேகமாக இழுப்பதுதான். இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையைத் துரையிடம் யார் சொல்வது?

லீமாரோசின் அண்ணன் சவேரியார் தூண்டில்காரன். வெள்ளிக்கிழமை வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வேலிக்கு வெளியே வந்து நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"ஏலே மாப்ள, ஒங்க துரை மீன் பிடிக்கிறாரா, கடலுக்குத் திவசம் குடுக்குறாரா?"

"மெதுவாப் பேசு மச்சான். காதுல விழுந்துரும்."

"விழுந்தா நல்லதுதான. வெரசா இழுங்கய்யான்னு சொல்லிப்புடு."

"நீ சொல்லேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? நான் நிரந்தரமாத்தான் இருக்கேன். என்னை எவன் வேலையவிட்டுத் தூக்குவான்?"

சகாயம் வேறு வழிகளைப் பார்த்தான். துரைக்குக் காபி வைக்கும்போது, வேகமாக ஓடுகிறதைத்தான் கடல் மீன் துரத்தும் என்று அப்பன் காலத்து ஆட்கள் சொல்வார்கள் என, சுவரைப் பார்த்துச் சொன்னான். அது படிக்காதவர்களின் மீன் என்றார் துரை. அன்று சாயங்காலம் ஒரு கோழி இறகை நூலில் கட்டி, துரையின் நாற்காலிக்கு எதிரில், பங்களாப் பூனையின் முன்னால் மெதுவாக இழுத்தான். பூனை கொட்டாவி விட்டது. வேகமாக இழுத்தான். பூனை பாய்ந்து கவ்வியது. மறுபடி மெதுவாக, மறுபடி வேகமாக. இதைவிடத் தெளிவாக ஓர் அதிகாரிக்கு விண்ணப்பம் எழுத முடியாது. துரை எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார்.

"பூனையோடு விளையாட உனக்கு நேரம் இருக்கிறது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சகாயம் இரவெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். நேரம் இருக்கிறது என்றால், வேலை இல்லை என்று பொருள். வேலை இல்லை என்றால், ஆள் எதற்கு என்று பொருள்.

சனிக்கிழமையும் மீன் இல்லை. கபீர் வந்து எட்டிப்பார்த்தார். காகிதம் பெட்டிக்கடியில் மடித்தபடியே இருந்தது. மீன் இல்லாமல் துரை ரயிலேறினால் அந்தக் காகிதத்தை எடுக்கவே அவருக்குத் தோன்றாது என்று சகாயத்தின் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கத்தோலிக்க ஊர், அன்று யாரும் கடலில் வள்ளம் இறக்க மாட்டார்கள். லீமாரோஸ் முதல் பூசைக்குப் போய்விட்டாள். துரை குறட்டையில் இருந்தார். உப்பு அரிக்காமல் தினமும் நல்ல தண்ணீரில் கம்பைக் கழுவிவைப்பது சகாயத்தின் வேலை. கம்பைக் கையில் எடுத்தவன் கிணற்றடிக்குப் போகவில்லை. ஒரே ஒரு தரம் பார்த்துவிடலாம். வேகமாக இழுத்தால் கடிக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், துரை எழுந்ததும் காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம். அவ்வளவுதான் அவன் நினைத்தது. வராந்தா மேஜையில் ஈப்பெட்டியைத் திறந்தபோது அடியில் இருந்த காகிதத்தின் ஓரம் தெரிந்தது. டாக்டரையும் மகாராணியையும் விட்டுவிட்டு, வெள்ளை இறகும் வெள்ளிச் சரிகையுமாக நெத்திலி போலிருந்த ஒரு ஸ்ட்ரீமரை எடுத்துக்கொண்டான்.

துரையைப் போல வீச அவனுக்கு வராது. பாறை முனையில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஓடுகிற நீரோட்டத்தில் இறகை விட்டான். ஓட்டமே கயிற்றைக் கொண்டுபோயிற்று. போதும் என்று தோன்றியபோது பிடித்து இழுக்கத் தொடங்கினான்.

கையில் இருக்கும்வரை அது நனைந்த கோழி இறகு. இழுத்த மாத்திரத்தில் அதற்கு உயிர் வந்தது. நெளிந்தது, தயங்கியது, பயந்து பாய்ந்தது. கட்டியது இறகுதான் என்று தெரிந்திருந்தும், நெத்திலி ஒன்று வழிதவறி வந்துவிட்டதோ என்று சகாயத்துக்கே ஒரு கணம் தோன்றியது. இரண்டாவது தரம் விட்டு இழுத்தபோது இறகுக்குப் பின்னால் தண்ணீர் கறுத்தது. ஏதோ ஒன்று வந்து, பார்த்து, விலகிப் போனது. வள்ளத்தில் இருந்த காலத்தில் சகாயம் எத்தனையோ மீன் பிடித்திருக்கிறான். அங்கே கயிறு இழுக்கும்போதுதான் மீன் வந்தது தெரியும். இங்கே அது யோசிப்பது தெரிந்தது. இறகை நம்பலாமா வேண்டாமா என்று ஒரு மீன் முடிவெடுக்கும் வரை ஒரு மனிதன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. காகிதம், மாதக் கடைசி, அறை எல்லாம் தலையைவிட்டுப் போயின. மூன்றாவது தரம் அவன் இன்னும் வேகமாக இழுத்தான்.

பாரை நம்பிவிட்டது.

கம்பு வில்லாக வளைந்து, கயிற்றுச் சக்கரம் கிறீச்சிட்டு, கயிறு பாலத்தைப் பார்த்து ஓடியது. பிசகிய தோளில் வலி இருந்ததா என்று பின்னால் லீமாரோஸ் கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. விட்டுப் பிடித்தான், பிடித்து விட்டான். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஏனென்றால் பின்னால் வந்து நின்ற துரை கேட்டது அந்தச் சிரிப்பைத்தான்.

துரை பைஜாமாவில் இருந்தார். தொப்பி மட்டும் தலையில் சரியாக இருந்தது.

"கொடு" என்றார்.

"மீன் இருக்குங்கய்யா. இப்பக் கை மாத்துனா அறுத்துக்கிட்டுப்..."

"என் கம்பைக் கொடு."

கொடுத்தான். துரை கம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பாமல் அப்படியே மணலேறி நடந்தார். மீன் களைத்திருந்தது; இல்லையென்றால் அந்த நடைக்கு அது துணைவந்திருக்காது. சகாயம் குதித்துப்போய் வாலைப் பிடித்துத் தூக்கினான். ஒன்றரை முழத்துக்கு நல்ல பாரை. அதை மணலில் கிடத்தி, வாயிலிருந்து முள்ளைக் கழற்றி, இடுப்புக் கத்தியை எடுத்து, வாலின் மேல் இதழில் இரண்டு வெட்டு வெட்டினான்.

வெட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

ஒரு வள்ளத்தில் நாலு பேர் தூண்டில் போட்டால் மீன் எல்லாம் ஒரே குழியில்தான் விழும். கரையில் பிரிக்கும்போது சண்டை வரக்கூடாது என்று, முள்ளைக் கழற்றுகிற கையோடு அவரவர் வீட்டுக் குறியை வாலில் வெட்டிவிடுவது ஊர் வழக்கம். சவேரியார் வீட்டுக்குக் கீழ் இதழில் ஒன்று. சகாயத்தின் வீட்டுக்கு மேல் இதழில் இரண்டு. யார் கைத் தூண்டிலில் கடித்ததோ அவன் குறி. அடுத்தவன் கையில் கடித்த மீனில் தன் குறியைப் போட்டால் அது திருட்டு. அப்படிப்பட்டவனைப் பிறகு எந்த வள்ளத்திலும் ஏற்ற மாட்டார்கள். வள்ளத்தை விட்டு ஒன்பது வருடமாகியும் கை மறக்கவில்லை. சகாயம் அந்தக் கையைப் பார்த்தான்.

துரை எதையும் கவனிக்கவில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பங்களாவுக்கு வந்ததும் மீனை உடனே குழம்பு வைத்துவிடலாம் என்றான் சகாயம். துரை வராந்தா உத்தரத்தில் தொங்கவிடச் சொன்னார். வாயில் கயிறு கோத்துத் தொங்கவிட்டபோது வால் சரியாக மனிதர்களின் கண்மட்டத்துக்கு வந்து நின்றது. வெயிலில் கெட்டுவிடும் என்று சொல்லி வாலைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினான். முழு நீளமும் தெரிய வேண்டும் என்று துரை அவிழ்க்கச் சொன்னார். வாலை நறுக்கிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்று ஒரு யோசனை சொன்னான். துரை அவனை ஒரு மாதிரி பார்த்ததால் அதோடு நிறுத்திக்கொண்டான். ஆள் அனுப்பி ஸ்டேஷன் மாஸ்டரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் கூட்டிவரச் சொன்னார் துரை. கையெழுத்துக்காகக் கபீரும் வந்து சேர்ந்தார்.

போராட்டம் இருபது நிமிடம் நடந்தது என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னார் துரை. தலைமையாசிரியர் வந்தபோது அது நாற்பது நிமிடமாகியிருந்தது. மீன் மயங்கியது டாக்டர் என்ற ஈயிடம் என்றார். ஸ்ட்ரீமர் இன்னும் ஈரம் காயாமல் கம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் எழுந்து, புராணத்தில் வில்லை வளைத்த வீரர்களை ஒவ்வொருவராகச் சொல்லி, கடைசியில் இரண்டு பேருக்கு நடுவே துரையை நிறுத்தினார். சகாயம் காபித் தட்டோடு, வாலுக்கும் விருந்தாளிகளுக்கும் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தான். இவர்களுக்கு வால் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டாம் பூசை முடிகிற மணி அடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கரையில்தான். துரை மீன் பிடித்துவிட்டார் என்ற செய்தியை நம்பாமல், வெளுத்த சட்டையோடு நேராகப் பங்களாவுக்கு வந்தார்கள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மீனின் தலையை யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் வாலுக்குப் போய், அங்கேயே நின்று, பிறகு சகாயத்திடம் வந்தது. இந்த மௌனத்தைப் பிரமிப்பு என்று துரை எடுத்துக்கொண்டார்.

மீன் விற்கிற ஜெபமாலைக்கு மட்டும் மௌனம் பழக்கமில்லை.

"துரைக்குக் கடிச்சதுன்னாக. சகாயத்துக்குல்ல கடிச்சிருக்கு. வாலே சொல்லுதே."

துரை திரும்பினார். "வால் என்ன சொல்கிறது?"

கபீர் இருமினார். அது கிராமத்துப் பேச்சு, பொருட்படுத்த வேண்டாம் என்றார். துரை விடவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் வராத வழக்கம் அவர் ஆபீசில் கிடையாது. கடைசியில் சவேரியார்தான் குறி வெட்டுகிற வழக்கத்தை முழுக்கச் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டே. மாப்பிள்ளை மாட்டிக்கொண்டான் என்பது அவனுக்குச் சொல்லிமுடிக்கும்போதுதான் புரிந்தது. அடுத்தவன் மீனில் குறி போட்டால் திருட்டு என்ற கடைசிப் பகுதியை அவன் விழுங்கிவிடப் பார்த்தான். ஜெபமாலை அதையும் எடுத்துக் கொடுத்தாள்.

வராந்தாவில் இரண்டே வழிதான் மிச்சம் இருந்தது. சகாயம் திருடன், அல்லது துரை பொய்யர். தலைமையாசிரியர் மெல்ல உட்கார்ந்தார். மேஜைமேல் ஈப்பெட்டி இருந்தது; அதன் அடியில் காகிதத்தின் வெள்ளை ஓரம். கூட்டத்தின் பின்னால், தலையில் முக்காட்டோடு, லீமாரோஸ் வந்து நின்றாள்.

"நான்தாங்க தப்பா வெட்டிட்டேன். மீனு துரை மீனுதான்" என்றான் சகாயம்.

"அப்ப, களவாண்டேங்கிறியா?" என்று கேட்டாள் ஜெபமாலை.

"ஆமா."

ஊரில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. சவேரியார் வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். துரை ஒருவர் மட்டும்தான் அதை முழுமனதாக நம்பினார். நம்ப நம்ப அவர் முகம் தெளிந்தது. கையை உயர்த்தி, தாம் மன்னித்துவிட்டதாகச் சபைக்குத் தெரிவித்தார். ஏழையின் ஆசை, மீனைப் பார்த்ததும் கை நீண்டுவிட்டது, அதற்காக வயிற்றில் அடிப்பது தம் குணமல்ல. ஸ்டேஷன் மாஸ்டர் கைதட்டினார். துரை காகிதத்தை எடுத்து விரித்தார், பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார். சகாயம் காபித் தட்டைக் கீழே வைத்தான்.

பேனா மறுபடி காகிதத்துக்கு இறங்கியது.

"ஆனால் மீன் கண்டால் கை நீளுகிறவனைக் கடற்கரையில் வைப்பது அவனுக்கே நல்லதல்ல" என்றார் துரை. பாம்பன் என்பதை அடித்தார். மேலே முதுகுளத்தூர் என்று எழுதினார். முதுகுளத்தூரில் மிளகாயும் ஆடும் உண்டு. கடல் வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். இனி பாம்பனுக்கு வந்து தங்குகிற அதிகாரி ஒவ்வொருவரும் இதே வராந்தாவில் சாய்ந்துகொண்டு, இங்கே யாருக்கு என்ன கடித்தது என்று வாட்ச்மேனிடம் கேட்பாரே என்று அவர் நினைத்தாரா என்பது அந்தப் பேனாவுக்குத்தான் தெரியும்.

மீனை ஐஸ் கூடையில் வைத்துச் சகாயம்தான் ரயிலில் ஏற்றினான். தகரப் பெட்டி துரையின் மடியில் போனது.

திரும்பிவந்தபோது கபீர் பங்களாப் படியில் காகிதத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லீமாரோஸ் பக்கத்தில் நின்றாள்.

"அடிச்சுத் திருத்துன இடத்துல துரை சுருக்கொப்பம் போடல" என்றார் கபீர்.

"போடலைன்னா?" என்றான் சகாயம்.

"திருத்தம் செல்லாது. ஆனா பாம்பனும் அடிபட்டுக் கெடக்கு, அதுவும் செல்லாது. நீ நிரந்தரம். அதுல சந்தேகமில்ல, கையெழுத்து இருக்கு. எந்த ஊர்ல நிரந்தரம்ங்கிறதை மேல எழுதிக் கேக்கணும்."

"கேக்காம இருந்தா பாய்?"

கபீர் காகிதத்தை மடித்தார். "கேக்காம இருக்க முடியாது. மெதுவாக் கேக்கலாம். நான் எழுத ஒரு மாசம், அவங்க பாக்க மூணு மாசம். அதுவரைக்கும் இங்கனயே இரு. துரை கண்ணுல மட்டும் பட்டுறாத."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சகாயம் படியில் உட்கார்ந்தான். லீமாரோஸ் நின்றபடியே பேசினாள்.

"ஊருக்கு முன்னால களவாணின்னு ஒங்க வாயால சொன்னீகளே."

"சொன்னேன்."

"இனி எந்த வள்ளத்துலயும் ஏத்த மாட்டாக."

"சவேரியார் மச்சான் ஏத்துவான்."

"அவன் ஏத்துவான். அவன் வள்ளத்துல மத்த மூணு பேரு இருக்காகள்ல?"

கிணற்றடியில் அவரை விதை போட அவள் நேற்றே மண்ணைக் கொத்திவைத்திருந்தாள். விதைப் பொட்டணம் முந்தானையில் முடிந்திருந்தது. போடலாமா வேண்டாமா என்று கேட்டாள். எத்தனை நாளில் காய்க்கும் என்று கேட்டான் அவன். மூன்று மாதம் என்றாள்.

"போடு" என்றான்.

அவள் போகும் வரை காத்திருந்துவிட்டு, மேலிருந்து அந்தப் பதிலைக் கொண்டுவரப்போகிற தபால்காரர் வருகிற பாதையைப் பார்க்க எழுந்து வாசலுக்குப் போனான். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது வாசலுக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.